வீட்டு ஹீற்றர் நின்றால் முதலில் பார்க்க வேண்டியவை

ரொறன்ரோவில் கடை நடத்தும் நம்மவர்களுக்கு ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் இரண்டு விதத்தில் சோதனையானவை. வியாபாரம் படுத்துக்கொள்ளும். அதே நேரம் பார்த்து வீட்டு ஹீற்றரும் படுத்துக்கொள்ளும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை என்று வானொலி சொல்லும் இரவில், ஹீற்றர் நின்ற வீட்டில் வயது போனவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு திருத்துநருக்காகக் காத்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கடுங்குளிர் நாளில் எல்லா வீட்டிலிருந்தும் அவர்களுக்கே அழைப்புப் போகும். வருவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். இரவு நேரக் கூலி தனி, வார இறுதிக் கூலி தனி.

நான் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் விற்கும் மொத்த வியாபாரி. ஹீற்றர் திருத்துவது என் தொழில் அல்ல. ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேலாக வீடு, கடை, களஞ்சியம் என்று மூன்று இடத்தில் இந்த இயந்திரத்தோடு குடித்தனம் நடத்தி வருகிறேன். திருத்துநர் வந்தால் கோப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று, என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று கேட்பது என் வழக்கம். அப்படிப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. அவர்கள் வந்து செய்கிற வேலைகளில் பல, நாமே ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியவை. வேறு சில இருக்கின்றன, அவற்றை நாம் தொடவே கூடாது. இரண்டையும் பிரித்து அறிவதுதான் முக்கியம்.

நமது வீடுகளில் பெரும்பாலும் இருப்பது காஸில் எரியும் பேர்னஸ். அது வேலை செய்யும் விதம் எளிமையானது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்ரற் "வீடு குளிர்ந்துவிட்டது" என்று கட்டளை கொடுக்கும். பேஸ்மென்றில் இருக்கும் பேர்னஸில் நெருப்புப் பற்றும். வீட்டுக்குள் இருக்கும் காற்றை ஒரு பக்கக் குழாயால் இழுத்து, பில்ரரால் வடித்து, சூடான உலோகப் பெட்டியின் மேலாக ஊதி, மறுபக்கக் குழாய்களால் அறை அறையாக அனுப்பும். எரிந்த புகை தனிக் குழாயால் வெளியே போய்விடும். எரிவது காஸ்தான், ஆனால் பற்றவைப்பதும் காற்றாடியைச் சுழற்றுவதும் மின்சாரம். கரண்ட் போனால் காஸ் இருந்தும் சூடு வராதது இதனால்தான்.

தெர்மோஸ்ரற்

முதலில் சுவரில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். அதன் முகம் வெறுமையாக இருந்தால் பற்றரி முடிந்திருக்கும். பல தெர்மோஸ்ரற்றுகளில் டபுள் ஏ பற்றரி இரண்டு இருக்கும். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு விற்கும் அதே பற்றரிதான். வருடத்துக்கு ஒரு தடவை, குளிர் தொடங்குமுன் மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை. அடுத்து, அது "ஹீற்" என்பதில் இருக்கிறதா, "கூல்" அல்லது "ஓஃப்" என்பதில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

காற்றாடிக்கென்று தனியாக "ஓன்", "ஓட்டோ" என்று இரண்டு நிலை உண்டு. "ஓன்" என்பதில் விட்டால் நெருப்பு அணைந்திருக்கும் நேரத்திலும் காற்றாடி ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது வரும் காற்று உடம்புக்குக் குளிராகத் தெரியும். பேர்னஸ் பழுது என்று பயந்து ஆளைக் கூப்பிடுவார்கள். "ஓட்டோ"வுக்கு மாற்றினால் முடிந்தது.

எங்கள் ஆட்களின் வீட்டில் மட்டும் வரும் கோளாறு ஒன்றும் உண்டு. தெர்மோஸ்ரற் இருக்கும் சுவருக்குக் கீழேயே சுவாமித் தட்டு வைத்து விளக்கு ஏற்றுவார்கள். விளக்குச் சூடு மேலே ஏறி, வீடு முழுக்கச் சூடாகிவிட்டது என்று அந்தப் பெட்டியை நம்ப வைத்துவிடும். பேர்னஸ் நிற்கும், படுக்கை அறைகள் விறைக்கும். சுவாமித் தட்டை வேறு சுவருக்கு மாற்றுவதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை.

சிவப்புச் சுவிச்

பேஸ்மென்றுக்கு இறங்கும் படிக்கட்டின் மேற்பக்கத்திலோ, பேர்னஸுக்குப் பக்கத்துச் சுவரிலோ சாதாரண மின்விளக்குச் சுவிச் போல ஒன்று இருக்கும். பல வீடுகளில் அதன் தகடு சிவப்பு நிறம். பேர்னஸுக்கு மின்சாரம் போவது அதனால்தான். விளக்கு என்று நினைத்து யாராவது அணைத்துவிட்டால் வீடே குளிர்ந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஸ்காபரோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, வீடு ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்குது. பேர்னஸ் பாக்கிற ஆளைக் கூப்பிட்டால் இந்த நேரத்திலை வாறதுக்கே முந்நூறு டொலர் கேக்கிறான். உங்களுக்கு ஆரும் தெரிஞ்ச ஆள் இருக்கோ?"

"ஆளை விடு. படிக்கட்டுக்கு மேலை இருக்கிற சிவப்புச் சுவிச்சைப் போய்ப் பார் தம்பி."

பின்னேரம் அரிசி மூட்டைகளைத் தோளில் வைத்துக் கீழே இறக்கியிருக்கிறார்கள். மூட்டை உரசிச் சுவிச் அணைந்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் பேர்னஸ் இரைந்த சத்தம் தொலைபேசியிலேயே எனக்குக் கேட்டது. இப்படி இடிபடும் இடத்தில் சுவிச் இருந்தால், அதற்கு மேல் மாட்டும் சிறு பிளாஸ்ரிக் மூடி இரும்புக் கடைகளில் கிடைக்கும்.

சுவிச் சரியாக இருந்தால் மின்பெட்டியில் பேர்னஸுக்குரிய பிரேக்கரைப் பாருங்கள். விழுந்திருந்தால் முழுவதும் அணைத்து ஒரே ஒரு தடவை மேலே போடலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, அதை அறிந்த ஆள்தான் பார்க்க வேண்டும்.

பில்ரர்தான் முக்கால் பங்கு

என்னைக் கேட்டால், எங்கள் வீடுகளில் ஹீற்றர் நிற்பதற்கு முதற் காரணம் அழுக்குப் பிடித்த பில்ரர் என்றே சொல்வேன். எங்கள் சமையல் அப்படி. தாளிதம், மிளகாய் வறுவல், மீன் பொரியல் என்று எண்ணெய்ப் புகை வீட்டுக் காற்றில் கலந்து பில்ரரில் போய்ப் படிகிறது. அதன் மேல் தூசி ஒட்டும். கம்பளி போலத் தடித்துவிட்டால் காற்றுப் போகாது. காற்றுப் போகாவிட்டால் உள்ளே சூடு மிஞ்சும். சூடு மிஞ்சினால் பாதுகாப்புச் சுவிச் ஒன்று நெருப்பை அணைத்துவிடும். காற்றாடி மட்டும் ஓடும், குளிர்காற்று வரும். சிறிது ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி அணையும். இப்படிப் பற்றிப் பற்றி அணைந்துகொண்டிருந்தால் முதலில் பில்ரரை இழுத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும்.

ஒரு அங்குலத் தடிப்புள்ள பில்ரர் ஒன்று முதல் மூன்று மாதம் வரை தாங்கும். நாள் தவறாமல் சமைக்கும் வீட்டுக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு, ஐந்து அங்குலத் தடிப்புள்ளவை ஆறு மாதம், ஒரு வருடம் என்று தாங்கும். மாற்றும்போது சுவிச்சை அணைத்துவிட்டு மாற்றுங்கள். சட்டத்தில் ஒரு அம்புக்குறி போட்டிருக்கும். அது பேர்னஸ் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிய திகதியை அந்தச் சட்டத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். கணக்கு எழுதிப் பழகிய கைகள்தானே நம்முடையவை.

வாங்கும்போது ஒரு வியாபாரியின் கண்ணோடு பாருங்கள். பெட்டியில் 16 x 25 x 1 என்று இருந்தாலும் அளந்தால் ஒவ்வொரு பக்கமும் சிறிது குறைவாகத்தான் இருக்கும். அது மோசடி அல்ல, வழக்கம். பழைய பில்ரரில் அச்சடித்த அளவைப் பார்த்து அதையே வாங்குங்கள். "மேர்வ்" என்று ஒரு இலக்கம் இருக்கும். இலக்கம் கூடக்கூட நுண்ணிய தூசியைப் பிடிக்கும், விலையும் கூடும். ஆனால் ஒரு அங்குல இடத்துக்கு மேர்வ் 13 வாங்கி மாட்டினால் சில பேர்னஸ்கள் மூச்சுத் திணறும். 8 இலிருந்து 11 வரை போதும். விலை கூடியது நல்லது என்பது எல்லாச் சாமானுக்கும் பொருந்தாது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெட்டியாக வாங்கினால் ஒன்றின் விலை நன்றாகக் குறையும். நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கினாலும் சரி.

பில்ரர் மாற்றிவிட்டு மூடியைப் போடும்போது சரியாகப் பொருந்தப் போடுங்கள். பேர்னஸின் முன் தகட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பொத்தான் உண்டு. தகடு சரியாக அமர்ந்து அந்தப் பொத்தானை அழுத்தாவிட்டால் இயந்திரம் இயங்காது. சிலர் அந்தப் பொத்தானை ரேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். அது பாதுகாப்புக்காக வைத்தது, விளையாடக் கூடாது.

வெளியே வரும் வெள்ளைக் குழாய்கள்

புதிய வகைப் பேர்னஸ்களுக்குப் புகைபோக்கி கிடையாது. வீட்டுப் பக்கச் சுவரில் ஒன்றிரண்டு பிவிசி குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று புகையை வெளியே விடும், மற்றது காற்றை உள்ளே இழுக்கும். பனி கொட்டி இந்த வாயை மூடினால் பேர்னஸ் தானாக நின்றுவிடும். பெரும் பனிக்குப் பிறகு ஹீற்றர் நின்றால் உள்ளே தேடுமுன் சவளை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கையாலோ விளக்குமாற்றாலோ விலக்குங்கள். இரும்பால் தட்டினால் பிவிசி குளிரில் வெடிக்கும். கொதிநீரும் ஊற்றக் கூடாது, அது அங்கேயே உறைந்து இன்னும் மோசமாகும். பால் கூடை, வெறும் கார்ட்போர்ட் பெட்டி இவற்றை அந்தச் சுவரோடு அடுக்கும் பழக்கம் நம் கடைக்காரர் வீடுகளில் நிறைய. அதையும் நிறுத்த வேண்டும்.

இந்த வகைப் பேர்னஸ் எரியும்போது தண்ணீரும் வடியும். மெல்லிய குழாயால் அது நிலத்து வடிகாலுக்குப் போகிறது. அந்தக் குழாய் மடிந்தாலோ அழுக்கு அடைத்தாலோ தண்ணீர் தேங்கி இயந்திரம் நின்றுவிடும். காலடியில் ஈரம் கண்டால் குழாயின் மேல் ஏதாவது சாமான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

முன் தகட்டில் ஒரு சிறு கண்ணாடித் துவாரம் உண்டு. உள்ளே ஒரு விளக்கு மினுங்கும். கோளாறு இருந்தால் இத்தனை தடவை என்று கணக்காக மினுங்கும். எத்தனை மினுங்கலுக்கு என்ன பொருள் என்பதைத் தகட்டின் உட்பக்கத்தில் அச்சிட்டு ஒட்டியிருப்பார்கள். அதை எண்ணி எழுதிவைத்துக்கொண்டு திருத்துநருக்குத் தொலைபேசியில் சொன்னால், தேவையான பாகத்தையும் கையோடு கொண்டுவருவார். இரண்டாவது தடவை வருவதற்கான கூலி மிச்சம்.

ஒரு அறை மட்டும் குளிர்ந்தால்

பேர்னஸ் நன்றாக இருந்தும் ஒரு அறை குளிரலாம். நிலத்துத் துவாரத்தின் மேல் சோபாவும் கட்டிலும் நீண்ட திரைச்சீலையும் இருந்தால் சூடு எங்கே போகும்? காற்றை உள்ளிழுக்கும் பெரிய துவாரத்தை மறைப்பது அதைவிட மோசம். பேஸ்மென்றில் குழாய்களைப் பார்த்தால் சிலவற்றில் சிறு கைபிடி இருக்கும். குழாயின் திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பாவிக்காத அறைகளை எல்லாம் மூடினால் காஸ் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. பேர்னஸுக்கு அது நல்லதல்ல.

குளிர்காற்று எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது. ஊதுபத்தி. காற்றடிக்கும் நாளில் ஒன்றைக் கொளுத்தி யன்னல் ஓரம், கதவு இடுக்கு, வெளிச்சுவரில் இருக்கும் பிளக் துவாரம் எல்லாவற்றுக்கும் கிட்டப் பிடியுங்கள். திரைச்சீலையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை எங்கே சாய்கிறதோ அங்கே ஓட்டை. கதவுக்கு ஒட்டும் நுரைப் பட்டி, அடியில் பூட்டும் தூரிகைப் பட்டி, யன்னலுக்கு ஒட்டும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் எல்லாம் சில டொலர்தான்.

பேர்னஸைச் சுற்றிச் சரக்கு

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் இடம் போதாது என்று வீட்டுப் பேஸ்மென்றைக் களஞ்சியமாக்குகிறோம். பேர்னஸைச் சுற்றி மூன்றடியாவது வெறுமையாக இருக்க வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் பேர்னஸின் பக்கத்திலேயே கற்பூரப் பெட்டிகள் கூரை மட்டும் அடுக்கியிருந்தன. கற்பூரம் எப்படிப் பற்றும் என்பதை நமக்கு வேறு யாராவது சொல்ல வேண்டுமா? வெளுக்கும் திரவத்தின் ஆவி பழைய பேர்னஸுக்குள் போனால் உள் உலோகத்தை அரித்துவிடும். உலோகம் ஓட்டையானால் விஷவாயு வீட்டுக் காற்றில் கலக்கும். பெயின்ற், பெற்றோல் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தொடக்கூடாதவை

காஸ் குழாய், காஸ் வால்வு, நெருப்பு எரியும் பகுதி, மின்பலகை இவை நமக்கல்ல. ஒன்ராறியோவில் காஸ் வேலை செய்ய உரிமம் பெற்ற திருத்துநருக்கு மட்டுமே அனுமதி. வருபவரிடம் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும். தெரிந்த பையன், மலிவாகச் செய்வான் என்று கைவைக்க விட்டால், பிறகு விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கையை விரிப்பார். காஸ் மணம் வந்தால் எந்தச் சுவிச்சையும் போடாமல், அணைக்காமல் எல்லோரும் வெளியே போய், வெளியிலிருந்து 911 க்கோ காஸ் நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கோ கூப்பிடுங்கள்.

மணம் உள்ள காஸை விட மணம் இல்லாத கார்பன் மொனொக்சைட் பயங்கரமானது. 2013 டிசெம்பரில் வந்த பனிமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரொறன்ரோவில் மட்டும் சுமார் மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன, நத்தார் கடந்தும் பல வீடுகளுக்குக் கரண்ட் வரவில்லை. குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோனவர்களால் தீயணைப்புப் படைக்கு ஓயாத அழைப்பு. ஊரில் தணல் சட்டி வைத்துக் குளிர் காய்ந்த பழக்கம் நமக்கு உண்டு. ஓட்டுக்கூரை இடுக்கால் புகை போகும் வீடு அது. இங்கே கட்டியிருப்பது காற்றுப் புகாத பெட்டி. கரி அடுப்பு, ஜெனரேற்றர் எதையும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைக்கக் கூடாது. காஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வதும் கூடாது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வயிற்றுப் பிரட்டல் வந்து, வெளியே போனால் சுகமானால், அது தடிமன் அல்ல.

கார்பன் மொனொக்சைட் அலாரம் படுக்கை அறைகளுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்பது 2014 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவில் சட்டம். 2026 ஜனவரி 1 முதல் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். பேஸ்மென்றை வாடகைக்கு விட்டவர்கள் இதைக் கவனிக்கவும். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கத்தில் காலாவதித் திகதி இருக்கும். சாமானின் திகதி பார்த்து அடுக்கும் நாம் இதையும் பார்க்கலாம்.

திருத்துநர் வரும்வரை மின் ஹீற்றர் வைப்பதானால் சுவர் பிளக்கில் நேரே செருகுங்கள். நீட்டு வயரில் போட்டால் வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். படுக்கையிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும். சமையலறைத் தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரியைத் திறந்துவைத்து, குழாயை மெல்லச் சொட்டவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிப்பதைத் தடுக்கலாம். வீட்டுக்கு வரும் தண்ணீரை முழுதாக நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

கதவைத் தட்டி வருபவர்கள்

நாம் கடையில் இருக்கும் பகல் நேரம், வீட்டில் அம்மா தனியே இருப்பார். கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் வருவார். "உங்கள் பேர்னஸ் பழையது, அரசாங்கம் மாற்றச் சொல்கிறது, காசு தேவையில்லை" என்பார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அது பத்து வருட வாடகை ஒப்பந்தம் என்பது மாதச் சீட்டு வரும்போதுதான் தெரியும். நம் சங்கத்தவர் ஒருவரின் தாயாருக்கு இது நடந்தது. வீட்டை விற்கப் போன நேரத்தில் காணிப் பதிவில் அந்தக் கம்பனியின் பெயர் நின்றது, பல்லாயிரம் டொலர் கட்டித்தான் எடுத்தார்கள்.

அழைக்காமல் வந்து வாசலில் பேர்னஸ், தண்ணீர் ஹீற்றர், ஏசி விற்பது 2018 மார்ச் 1 இலிருந்து ஒன்ராறியோவில் தடை. நீங்களே கூப்பிட்டு வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் பத்து நாளுக்குள் இரத்துச் செய்யலாம். வாடகைச் சாமானுக்காக வீட்டுப் பதிவில் இப்படிப் பெயர் ஏற்றுவதும் 2024 ஜூன் 6 இலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது, முன்பு ஏற்றியவையும் காலாவதியாகிவிட்டன. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே நிற்கும். ஆகவே "மகன் கடையில் இருக்கிறார், அவரோடு கதையுங்கள்" என்ற ஒரு வசனத்தை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வாடகைக்குக் குடியிருத்தியவர்களுக்கு இன்னொன்று. ரொறன்ரோ மாநகரச் சட்டப்படி ஒக்டோபர் 1 முதல் மே 15 வரை குடியிருப்பவருக்குக் குறைந்தது 21 பாகை செல்சியஸ் சூடு கொடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. ஹீற்றர் பழுது என்று சொல்லித் தப்ப முடியாது.

கடைக்கும் களஞ்சியத்துக்கும் பெரும்பாலும் கூரைமேல் இயந்திரம். அதில் ஏறுவது நம் வேலை அல்ல. ஆனால் தெர்மோஸ்ரற்றும் பிரேக்கரும் கீழேதான் இருக்கின்றன, அவற்றைப் பார்க்கலாம். என் களஞ்சியத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல்தான் எனக்கு எச்சரிக்கை மணி. 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும், அதனால் எண்ணெய்க்கு நட்டம் இல்லை. ஆனால் வாழைக்காயும் வாழைப்பழமும் 13 பாகைக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும், திரும்பச் சூடாக்கினாலும் சரிவராது. வெற்றிலையும் அப்படித்தான். இரவு கடை பூட்டும்போது காசு மிச்சம் பிடிக்கத் தெர்மோஸ்ரற்றைக் குறைப்பவர்கள் 15 பாகைக்குக் கீழே இறக்க வேண்டாம்.